டிரிப்பரைக் கழற்றியவர்களுக்கு

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

போன செவ்வாய்க்கிழமை காலை சம்ப் மோட்டார் மூன்றாவது முறையாக டிரிப் ஆனது. நீங்கள் அனுப்பிய எலெக்ட்ரீஷியன் கார் நிறுத்துமிடத் தூணிலுள்ள பெட்டியைத் திறந்து, ஆர்.சி.சி.பி. என்கிற டிரிப்பரை விட்டுவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தார். மாடித் தொட்டி நிறைந்தது. “மோட்டார் ரெடி” என்று வாட்ஸ்அப்பில் போட்டீர்கள்.

மறுநாள் வால்வைத் திருப்ப வந்த பிளம்பரின் உதவியாள், பத்தொன்பது வயதுப் பையன், ஈரத் தரையில் நின்று ஜி.ஐ. குழாயைத் தொட்டான். தூக்கி எறிந்தது. நான்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். ஒரு மணி நேரம் கழித்தும் அவன் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஐந்நூறு ரூபாய் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினீர்கள். ஷாக் அடித்தவருக்கு மேலே காயம் தெரியாவிட்டாலும் இதயத் துடிப்பு பிசகலாம், ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? உங்கள் வீட்டுப் பிள்ளையாயிருந்தால் ஐந்நூறு ரூபாயோடு அனுப்பியிருப்பீர்களா?

அந்த டிரிப்பர் மூன்று முறையும் ஒரே செய்தியைத்தான் சொன்னது: போன மின்சாரம் முழுதாகத் திரும்பவில்லை, எங்கோ கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடிக்குள் துண்டிக்கிற சாதனம் அது. “எம்.சி.பி. இருக்கிறதே சார்” என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். அது 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒயர் சூடாகிக் கருகாமலிருக்க வைத்தது. ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியே பாய்ந்தாலே ஆள் போய்விடலாம், எம்.சி.பி. அசையவே அசையாது.

கசிவு எங்கே என்று தேடுவதுதான் அன்று செய்திருக்க வேண்டிய வேலை. நீர்மூழ்கி மோட்டாரில் சீல் தேய்ந்தால் வைண்டிங்கில் தண்ணீர் இறங்கும். கேபிள் ஜாயின்ட்டைத் தண்ணீருக்குள் வெறும் டேப் சுற்றி விட்டாலும் கசியும். போன வருடம் கயிறு கட்டாமல் கேபிளைப் பிடித்தே மோட்டாரை மேலே இழுத்ததை நான் பார்த்தேன், அப்போதே சொன்னேன். மோட்டாரை வெளியே எடுத்து, இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வைத்துப் பார்த்திருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கும். எர்த் ஒயர் அறுந்து தொங்குவதும் கண்ணில் பட்டிருக்கும். பையனுக்கு ஷாக் அடித்த பிறகு நான் டார்ச் அடித்துப் பார்த்தபோது அது அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது பொங்கலுக்கு முன் சம்ப்பைக் கழுவ அதே பையனை இறக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். இரண்டடிச் சதுர மூடி, எட்டடி ஆழம். மூடியே கிடந்த தொட்டிக்குள் பிராணவாயு குறைந்திருக்கலாம். மூக்குக்கு எதுவும் தெரியாது, ஆள் சட்டென்று மயங்கி விழுவார். காப்பாற்றக் குதிக்கிற அடுத்த ஆளும் விழுவார். புதிய தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இப்படிச் செத்த செய்தியை நம் ஊர்ப் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருக்கிறோம்! போதாததற்கு உங்கள் சாமான் பட்டியலில் பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது நம் வேளச்சேரித் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. மோட்டார் பெட்டி தூணில் இன்றும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. அதையும் நெஞ்சுயரத்துக்கு மேலே ஏற்றுங்கள்.

என் கோரிக்கை இதுதான். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் வந்து, கசிவைச் சரிசெய்து, எர்த்தைச் சேர்த்து, ஆர்.சி.சி.பி.யை மறுபடி இணைத்து, அதன் டெஸ்ட் பட்டனை நம் கண்முன் அழுத்திக் காட்டும்வரை யாரும் அந்த மோட்டாரைப் போடக் கூடாது. அதுவரை குடத்தில் தூக்கிக்கொள்வோம். சம்ப்புக்குள் ஆளை இறக்காமல் வெளியிலிருந்தே உறிஞ்சிக் கழுவும் ஆட்களை அழையுங்கள். கூடுதல் செலவில் என் பங்கை இன்றே தருகிறேன். பையனின் ஈ.சி.ஜி. செலவு சங்கத்தின் கணக்கில் போகட்டும்.

நாளை காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வரும். சம்ப் நிறைந்ததும் வாட்ச்மேன் வழக்கம்போல் சுவிட்சைப் போட வருவார். அவரிடம் நான் சொல்லிவிட்டேன். நீங்களும் இன்றிரவே ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தரைத்தளத்தில் குடியிருக்கும் உறுப்பினர்