கலைக்கூடங்களும் நாமும்

தமிழில் ‘எழுதுதல்’ என்னும் சொல் இருவகைத் தொழிலைக் குறிக்கும். ஏட்டில் சொல்லைப் பொறிப்பதும் எழுதுதலே. சுவரிலும் துணியிலும் வடிவம் தீட்டுவதும் எழுதுதலே. புலவன் தொழிலையும் ஓவியன் தொழிலையும் நம் முன்னோர் ஒரே வினையால் சுட்டினர். இவ்விரண்டனுள் முதல் எழுத்தைக் கற்பிக்க இன்று ஊர்தோறும் பள்ளிகள் உள்ளன. இரண்டாம் எழுத்தையோ நாம் பெரிதும் மறந்துவிட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று சுட்டினால் ஒருவர் நாணுகிறார். ஓர் ஓவியத்தின் முன் நின்று, ‘இதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை’ என்று சொல்லி நகர்ந்து செல்ல எவரும் நாணுவதில்லை. இந்நிலை மாறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பழந்தமிழர் இவ்வாறு இருந்தாரல்லர். பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தில் இருந்த எழுத்துநிலை மண்டபத்தைக் காட்டுகிறது. ஓவியங்கள் எழுதப்பெற்ற மண்டபம் என்பது அத்தொடரின் பொருள். முருகனை வழிபடச் சென்ற மக்கள் அங்கு நின்று ஓவியங்களைக் காண்கின்றனர். இவர் யார், அவர் யார் என்று சிலர் வினவுகின்றனர். அறிந்தவர் விடை கூறுகின்றனர். அறியாமையை மறைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்போரை அப்பாடலில் காண முடியவில்லை. காண்பதும் வினவுவதும் அங்கே பொதுமக்களின் உரிமையாக இருந்தன. இன்றோ ஒரு கலைக்கூடத்தின் வாயிலை அடைந்தால் நம் கால்கள் தயங்குகின்றன. ‘இது செல்வர்க்கும் கற்றோர்க்கும் உரிய இடம், நமக்கு இங்கு என்ன வேலை?’ என்று எண்ணித் திரும்பிவிடுகிறோம். அத்தயக்கத்திற்குக் காரணம் இல்லை என்பதைச் சென்னை மாநகரின் கலைக்கூடங்களே நமக்கு எடுத்துக்காட்டும்.

மாணவர்களே! சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பலமுறை கண்டிருப்பீர்கள். பெரும்பாறை ஒன்றை நால்வர் பெயர்க்க முயல்கின்றனர். அவர்தம் தோளும் முதுகும் முறுக்கேறி நிற்கின்றன. 1959-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அச்சிலையைச் செய்தவர் யார் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அவர் தேவிபிரசாத் ராய் சௌத்திரி என்னும் வங்கச் சிற்பியார். சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக 1957 வரை ஏறத்தாழ முப்பதாண்டு பணியாற்றியவர். அப்பள்ளியை 1850-இல் அலெக்சாந்தர் அண்டர் என்னும் அறுவை மருத்துவர் தொடங்கினார். 1852-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரோடு பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் விளங்குகிறது. தொடங்கிய நாளில் அங்கே ஓவியத்தோடு மட்கலத் தொழிலும் கற்பிக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. கலை வேறு, கைத்தொழில் வேறு என்னும் வேலி அன்று அத்துணை உயரமாக இருக்கவில்லை.

அவ்வேலியைப் பின்னர் உயர்த்தியவர்கள் நாம்தாம். சட்டமிட்டுச் சுவரில் தொங்கினால் அது கலை என்கிறோம். தெருவோரத்தில் ஒருவர் அமர்ந்து செய்தால் அது பிழைப்பு என்கிறோம். இந்தப் பாகுபாடு சரியன்று. மயிலாப்பூருக்குச் சென்று பாருங்கள். நவராத்திரி நெருங்கும்போது கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதியில் கொலுப் பொம்மைகள் அணியணியாக வந்து நிற்கும். ஒரு விரற்கடை அகலமுள்ள முகத்தில் கண்ணும் புருவமும் எழுதிய கையின் திறத்தை எண்ணிப் பார்ப்பவர் யார்? ‘விலையைக் குறை’ என்னும் குரலே அங்கு மிகுதியாகக் கேட்கிறது.

அதே மயிலாப்பூரில் மிருதங்கம் செய்யும் பட்டறைகளும் உள்ளன. பலாமரத்தைக் குடைந்து கட்டை செய்கின்றனர். பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்களைப் பதமறிந்து அடுக்கி, வாரால் இறுக்கி, வலந்தலையையும் தொப்பியையும் அமைக்கின்றனர். கிட்டான் கல்லைப் பொடித்துச் சோற்றுப் பசையோடு குழைத்து, வலந்தலையின் நடுவில் சிறிது சிறிதாக அப்பித் தேய்த்துக் கருவட்டம் இடுகின்றனர். அவ்வட்டத்தின் கனம் சற்றே பிழைத்தாலும் நாதம் பிழைத்துவிடும். எனவே மிருதங்கம் செய்பவர்க்குச் செவியும் கையும் ஒருங்கே பயின்றிருத்தல் வேண்டும். இத்தகைய நுண்ணறிவுடையாரை நம் சமுதாயம் எவ்வாறு நடத்தியது? தோலைத் தொடும் தொழில் இழிந்தது என்று கூறி அவர்களை ஒதுக்கி வைத்தது. வாசித்தவர்க்கு மாலை சூட்டியது. செய்தவரை அரங்கின் வாயிலிலேயே நிறுத்தியது. இசையைப் போற்றிக்கொண்டே இசைக்கருவி செய்வோரை இகழ்வது அறமும் அன்று, அறிவும் அன்று. பட்டறையை நேரிற் கண்டவன் இவ்வாறு இகழ மாட்டான். கலைக்கூடங்களைக் காணவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கு வருவோம். அங்கே பட்டுக் கடைகள் வரிசையாக ஒளிவீசுகின்றன. காஞ்சிபுரத்துச் சேலை ஒன்றை விரித்துக் காட்டுகின்றனர். உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் கலவாமல், ஆயினும் பிரியாமல் இணைந்திருக்கின்றன. இதற்குக் கோர்வை என்று பெயர். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர்க்குத் துணையாக மற்றொருவரும் தறியருகே இருக்கவேண்டும். கடையில் நின்று வாங்குபவர்க்குச் சேலை தெரிகிறது; தறி தெரிவதில்லை. பொருளை மட்டும் கண்டு, கையைக் காணாத நகரத்தார்க்கு விலை ஒன்றே அளவுகோலாகிவிடுகிறது. விசைத்தறித் துணி மலிவு. கைத்தறித் துணி விலை மிக்கது. ஆதலின் முன்னதே நன்று என்று முடிவு செய்துவிடுகின்றனர். நெசவாளர் நெய்த துணியை விற்றுத்தருவதற்காகவே 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் என்னும் கூட்டுறவு நிறுவனம் தோன்றியது. ஆயினும் காண்போர் கண்ணில் தெளிவு இல்லாவிடின் எத்தனை நிறுவனங்கள் தோன்றியும் என்ன பயன்?

தறியையும் நாடாவையும் காண விரும்புவோர் தென்சென்னையிலேயே காணலாம். ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாக்ஷேத்திரம் இப்போது திருவான்மியூரில் மரநிழல் சூழ்ந்த வளாகத்தில் இயங்குகிறது. அதனை நாட்டியப் பள்ளி என்றே பலரும் அறிவர். ஆயின் தொடங்கிய மறு ஆண்டிலேயே அங்கு நெசவுக்கூடமும் ஏற்பட்டது. பழைய சேலைகளின் கரையமைப்பும் நிறக்கலப்பும் அழிந்துபடாமல் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அங்கே கலம்காரி என்னும் துணியோவியமும் எழுதப்படுகிறது. துணியைக் கடுக்காய் நீரிலும் பாலிலும் தோய்த்து உலர்த்துவர். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பலநாள் ஊறவைத்து அதிலிருந்து கருமை எடுப்பர். மூங்கில் எழுதுகோலில் துணியைச் சுற்றி, அதில் அம்மையைத் தோய்த்துக் கோடு இழுப்பர். துருவும் வெல்லமும் கடுக்காயும் கூடி மங்காத கருநிறம் தோன்றுவதைக் கண்ட மாணவன், வேதியியல் என்பது புத்தகத்தில் மட்டும் உள்ளதன்று என்பதை உணர்வான்.

இனி, மற்றொரு கூடம். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டல ஓவியர் சிற்றூர் இருக்கிறது. கோயம்புத்தூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியின் தலைவராக உயர்ந்த கே. சி. எஸ். பணிக்கர், 1966-இல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் அதனை உருவாக்கினார். ஓவியம் விற்று வாழ்வது அரிதாயிருந்த காலம் அது. பள்ளியில் தேறி வெளிவந்த இளைஞர் பலர் வேறு வேலை தேடித் தூரிகையைக் கைவிட்டனர். இதனைக் கண்ட பணிக்கர், ஓவியர்கள் தம் கையாலேயே தம் பசியைத் தீர்த்துக்கொள்ளும் வழியை வகுத்தார். துணியில் உருகிய மெழுகால் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, பின் மெழுகை நீக்கினால், மெழுகு படிந்த இடம் மட்டும் சாயம் ஏறாமல் உருவம் தோன்றும். பாத்திக் எனப்படும் அத்தொழிலையும் பிற கைவினைகளையும் ஓவியர்கள் கூடிச் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கினர், வீடு கட்டினர், எஞ்சிய நேரத்தில் தாம் விரும்பிய ஓவியங்களை எழுதினர். கைத்தொழில் அங்கே கலைக்குச் சோறிட்டது.

சோறிட்டதோடு நில்லாமல் கலைக்கு வழியும் காட்டியது. திருமேனிகளுக்குத் தகடு அடித்துக் கவசம் செய்யும் கம்மியர் முறையைக் கைக்கொண்டு பி. வி. ஜானகிராம் புதுமைச் சிற்பங்கள் படைத்தார். பணிக்கரோ 1963 முதல் எழுத்துகளையும் எண்களையும் சாதகக் கட்டங்களையும் தம் ஓவியங்களில் நிரப்பலானார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்பது அவ்வரிசை ஓவியங்களின் பெயர். அவ்வெழுத்துகளைப் படித்துப் பொருள் காண வேண்டுவதில்லை. கோலத்தைக் காண்பதுபோலக் கண்டால் போதும். ஏட்டெழுத்தும் ஓவிய எழுத்தும் ஒன்றே என்று நம் மொழி கூறுவதை அவர் வண்ணத்தால் மெய்ப்பித்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவராகிய அண்டர் மேனாட்டவர். ராய் சௌத்திரி வங்கத்தவர். இவர்களெல்லாம் சென்னைக்குக் கலை வளர்த்தார்கள் என்பது கண்டு வியத்தல் வேண்டா. மகத நாட்டு வினைஞரும் மராட்டக் கம்மியரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ்நாட்டு வினைஞரோடு கூடிப் புகார் நகரில் மண்டபம் சமைத்த செய்தியை மணிமேகலை கூறுகிறது. வந்தாரை வரவேற்று, அவர் திறனோடு தன் திறனைச் சேர்த்துக்கொள்வது தமிழகக் கலையின் பழைய இயல்பு.

‘கலையைப் பார்ப்பதால் மதிப்பெண் வருமா? வயிறு நிரம்புமா?’ என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். இவ்வினாவை எள்ளுதல் தகாது. வறுமையை அறிந்தவர் கேட்கும் வினா இது. அவர்க்கு இரண்டு விடைகள் உண்டு. எல்லாரும் ஓவியர் ஆகவேண்டும் என்று எவரும் கூறவில்லை. ஆனால் மருத்துவர்க்கும் தச்சர்க்கும் பொறியாளர்க்கும் ஆசிரியர்க்கும் கூர்ந்து நோக்கும் கண் இன்றியமையாதது; அக்கண் ஓவியத்தாலும் கைவினையாலும் பழக்கப்படுவது. இது முதல் விடை. கலையால் வயிறும் நிரம்பக்கூடும் என்பதற்குச் சோழமண்டலமே சான்று. இஃது இரண்டாவது விடை. ஆயின் வாங்குவோர்க்குச் சுவை இருந்தால்தான் செய்வோர்க்குச் சோறு கிடைக்கும். அச்சுவையை உண்டாக்கும் பொறுப்பு பள்ளிகளுடையது. பல பள்ளிகளில் தேர்வு நெருங்கியவுடன் முதலில் பறிபோவது ஓவிய வகுப்பே. அவ்வாறு செய்தல் கூடாது. ஆண்டுக்கு இருமுறையேனும் மாணவர்களை ஒரு கலைக்கூடத்திற்கோ பட்டறைக்கோ அழைத்துச் செல்லுதல் வேண்டும். அது பொழுதுபோக்கு அன்று, பாடமே ஆகும்.

செல்லும்போது சில நெறிகளைக் கைக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டுவிட முயலாதீர்கள். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் கூடத்திற்குச் சென்றாலும், மாடவீதிப் பொம்மைக் கடைக்குச் சென்றாலும், உள்ளங் கவர்ந்த ஒன்றன் முன் கால்மணி நேரம் நில்லுங்கள். கையால் தொடாதீர்கள், கண்ணால் அளவெடுங்கள். குறிப்பேட்டில் அதன் வடிவை உங்களுக்கு இயன்றவாறு வரைந்துகொள்ளுங்கள். படம் கோணினாலும் தவறில்லை, வரைந்த பொருள் மறவாது. செய்தவர் அருகில் இருந்தால் மூன்று வினாக்களைப் பணிவோடு கேளுங்கள்: இதனை எப்பொருளால் செய்தீர்கள்? எத்தனை நாள் ஆயிற்று? யாரிடம் கற்றீர்கள்? நான்காவதாக, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பெருங்கோயில்களைச் செதுக்கிய சிற்பியருள் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அக்குறையை நாம் இனியும் வளர்த்தல் ஆகாது.

கேட்கப்பட்ட பெயர் நிலைக்கும். மதிக்கப்பட்ட தொழில் வாழும். தந்தையின் பட்டறையில் தனக்கு மதிப்பு இல்லை என்று கண்ட மகன் அதனை விட்டு வெளியேறுவான். அவனோடு பல தலைமுறை அறிவும் வெளியேறும். தம் தொழிலைக் காண மாணவர் கூட்டம் வந்தது, தம் பெயரைக் கேட்டது என்று அறிந்தால் அந்தப் பட்டறையின் விளக்கு இன்னும் ஒரு தலைமுறை எரியக்கூடும். ஆதலின் இளையீர், விடுமுறை நாளொன்றில் புறப்படுங்கள். வாயிலில் தயங்காதீர்கள். உள்ளே சென்று காணுங்கள், கண்டு வினவுங்கள்.