சங்குகாலை ‘அலங்கார முக்காலி’ ஆக்கும் ஆய்வுமுறை

கலைவரலாற்று ஆய்வேடுகளிலும் காட்சிக்கூட அட்டைகளிலும் சலிப்பின்றிப் பயின்றுவரும் ஒரு தொடர் உண்டு: ‘அலங்கார வேலைப்பாடு மிக்க வெண்கல முக்காலி’. அதையடுத்து உயரமும் எடையும் உத்தேசக் காலமும் வரும். பிறகு தாமரையிதழ் இத்தனை, கொடிக்கருக்கு இத்தனை, யாளிமுகம் மூன்று என்று ஒரு கணக்கு. அந்த முக்காலி எதைத் தாங்கி நின்றது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. எழாத கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பும் இல்லை. அந்த வசதியைத்தான் ‘அலங்காரம்’ என்ற சொல் ஆய்வாளருக்கு வழங்குகிறது.

பூசைச் சங்கை நிறுத்தும் தாங்கியை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இதற்குச் சங்குகால் என்று பெயர். தாந்திரிகப் பூசைமுறையில் சங்கை நிறுவும்போது மூன்று பொருள்கள் தனித்தனியே வழிபடப்படுகின்றன. ஆதாரமாகிய தாங்கி அக்கினி மண்டலம், அதற்குக் கலைகள் 10. சங்கு சூரிய மண்டலம், கலைகள் 12. உள்ளிருக்கும் நீர் சந்திர மண்டலம், கலைகள் 16. அதாவது, தாங்கிக்கென்றே தனி வழிபாடு உண்டு. அதைத் ‘துணைக்கருவி’ என்று பட்டியலிட்டு, அதன் இதழ்களை ‘மேற்பூச்சு அழகு’ என்று ஒதுக்குபவர் பொருளையும் அறியவில்லை, பூசையையும் அறியவில்லை. இது நம்பிக்கை சார்ந்த வாதமன்று. கடவுள் மறுப்பாளர் எழுதும் பட்டியலிலும் பொருளின் பயன்பாடு சரியாகப் பதிவாக வேண்டும்.

வடிவத்தைப் பார்ப்போம். மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். எனவே மேடுபள்ளமான கல்தரையிலும் முக்கால் தாங்கி ஆடாது. நான்கு காலுக்கு அந்த உறுதி இல்லை. ஆனால் முக்காலுக்கு வேறொரு பலவீனம் உண்டு: இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கமாக எடை சாய்ந்தால் எளிதில் கவிழும். சங்கோ ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் கூம்பியது. நீர் நிறைந்தால் எடை நடுவில் நிற்பதில்லை. கால்கள் நேராக இறங்காமல் வெளிப்புறம் வளைந்து, விலங்கின் பாதம்போல் அகன்று தடித்து முடிவது இதனோடு தொடர்புடையது. கால் மேல்வளையத்தோடு சேரும் இடம் மெலிந்திருந்தால், மெழுகு வார்ப்பில் உருகிய உலோகம் அங்கேயே உறைந்து வார்ப்பு குறைபட்டுவிடும். அவ்விடத்தைத் தடிப்பாக்கியே ஆகவேண்டும். அந்தத் தடிப்புக்கு யாளிமுகத்தைவிடப் பொருத்தமான உருவம் கிடைப்பது அரிது. இதில் எங்கே பொறியியல் முடிகிறது, எங்கே அலங்காரம் தொடங்குகிறது? கோடு கிழித்துக் காட்டுபவர்கள் காட்டட்டும்.

சொல்லுக்கு வருவோம், மொழியியல் துறையினர் இதில் மௌனம் காப்பது வியப்பளிக்கிறது. ‘முக்காலி’ கால்களை எண்ணிப் பெயரிடுகிறது. ‘சங்குகால்’ எண்ணுவதில்லை. அங்குள்ள ‘கால்’ பந்தக்காலில் உள்ள கால்: தாங்குவது, ஊன்றி நிற்பது. மக்கள் பணியால் பெயரிட்டதை ஆய்வாளர் எண்ணிக்கையால் பெயர் மாற்றுகிறார். இந்த மாற்றத்தின் விளைவு எல்லைப்புறத்தில் இன்னும் சிக்கலாகிறது. சிற்றூர் வட்டத்து வேலந்தாவளத்தில் தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. தமிழில் முக்காலி அமர்வதற்குரிய இருக்கை. மலையாளத்திலோ குற்றவாளியைக் கட்டிவைத்து அடித்த மரச்சட்டத்துக்கும் அதுவே பெயர். இவ்விரு நினைவுகளும் அருகருகே வாழக்கூடிய ஊரில், சங்கின் தாங்கிக்கும் அதே பெயரைச் சூட்டி வினாநிரல் தயாரித்தால் கிடைக்கும் விடைகள் எந்தப் பொருளைப் பற்றியவை?

ஒப்பீட்டுக்கு நடுநிலையான கலைச்சொல் வேண்டும் என்பது வழக்கமான மறுப்பு. சீனத்து வெண்கலக் கலமாகிய ‘திங்’ அதற்குப் போதுமான பதில். வட்டமானதற்கு மூன்று கால், சதுரமானதற்கு நான்கு. இரண்டும் திங் தான். 1939இல் அன்யாங்கில் கிடைத்த, 832 கிலோவுக்கும் மேல் எடையுள்ள பெருங்கலம் நான்கு கால் கொண்டது. கால்களை எண்ணி வேறு இனத்தில் அதை யாரும் சேர்க்கவில்லை. சீனச் சொல்லுக்குக் காட்டும் மரியாதையை, எல்லைச் சோதனைச்சாவடிக்கு இருபுறமும் வாழும் சொற்களுக்குக் காட்டுவதில் என்ன தடை?

ஆதிச்சநல்லூர் வெண்கலங்களின் பட்டியலை அலெக்சாண்டர் ரீ 1915இல் வெளியிட்டார். அவற்றில் வேலைப்பாடு மிக்க கலத்தாங்கிகளும் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்பதைக் கேட்டறிய அவருக்கு வழியில்லை. செய்தவர்கள் தாழிகளுக்குள் அடங்கி நூற்றாண்டுகள் கடந்திருந்தன. இன்றைய ஆய்வாளருக்கு அந்தச் சாக்கு இல்லை. பெயர் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் எவர்சில்வர் வந்தபின் பழைய வெண்கலம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய பாத்திரக் கடைத் தராசும் சங்குகாலை அதன் பெயரால் அழைப்பதில்லை. உயரம், எடை, காலம் என்று மூன்றைக் குறிக்கும் அட்டையைவிட இரண்டு குறைவாக, எடையை மட்டும் குறிக்கிறது.