எந்த நரம்பு?

மணிக்கட்டைக் கண்ணாடி கிழித்த ஓர் இளைஞர் சில மாதங்களுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். காயம் பட்டு ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. வேறோரிடத்தில் தையலிட்டு, பிரித்தும் ஆயிற்று. தழும்பு நன்றாகவே ஆறியிருந்தது. ஆயினும் சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. தேநீர்க் குவளை சுட்டதைக்கூட விரல் கொப்புளித்த பின்னரே அறிந்தாராம். உடன் வந்த தாயார், “நரம்பு அறுந்துபோச்சுன்னு சொன்னாங்க டாக்டர், அதையும் சேர்த்துத் தச்சாச்சுன்னாங்களே” என்றார். தைக்கப்பட்டது தசைநாண். உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்பு அறுந்தபடியே கிடந்தது. சொன்னவர் பொய் சொல்லியிருப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவர் ஒன்றைக் கருதிச் சொன்ன சொல்லை இவர்கள் வேறொன்றாக விளங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான் நடந்தது. அந்த இடைவெளியில் ஐந்து மாதங்கள் போயின.

நம் மொழியில் ‘நரம்பு’ என்னும் சொல் சுமக்கும் பாரம் பெரிது. யாழுக்கும் வீணைக்கும் நரம்பு உண்டு. இலைக்கும் நரம்பு உண்டு. ஊசி போட வரும் செவிலியர் “நரம்பு கிடைக்கவில்லை” என்று கையைத் தட்டித் தேடுவது சிரையை. காலில் நீலமாகப் புடைத்து நெளிவதை நரம்பு சுருட்டல் என்கிறோம், அதுவும் சிரையே. குதிகாலுக்கு மேலே விறைத்து நிற்பதைக் குதிகால் நரம்பு என்கிறோம், அது தசைநாண். இரவில் கெண்டைக்காலில் நரம்பு இழுத்துக்கொண்டதென்றால் இழுத்தது தசை. சுவரொட்டிகள் கூறும் ‘நரம்புத் தளர்ச்சி’ யாது என்பது அவற்றை ஒட்டியவருக்கே வெளிச்சம். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்த குறையன்று. பண்டைக் கிரேக்கரும் நாணையும் நரம்பையும் ஒரே சொல்லால் அழைத்தவர்களே, கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்தவர்களே இரண்டும் வெவ்வேறு என்று தெளிவுபடுத்தினார்கள்.

பேச்சு வழக்கில் இந்தக் கலப்பு இருந்துவிட்டுப் போகட்டும். மருத்துவமனைக்குள் அது இருக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

உங்கள் உள்ளங்கையைத் திருப்பி மணிக்கட்டைப் பாருங்கள். பெருவிரல் பக்கம் நாடி துடிக்குமிடத்தில் இருப்பது இரத்தக்குழாய். பெருவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சற்று மடக்கினால் நடுவில் ஒரு கயிறு எழும்பும், அது தசைநாண். (சிலருக்கு அது பிறவியிலேயே இராது, கவலை வேண்டா.) அந்தக் கயிற்றுக்கு அடியிலேயே செல்கிறது மீடியன் நரம்பு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவற்றின் தொடுவுணர்வு அதனுடையது. சுண்டுவிரல் பக்கத்தில் அல்நார் நரம்பு தன் இரத்தக்குழாயோடு ஒட்டிச் செல்கிறது. இவையெல்லாம் ஒரு பொத்தான் அளவு ஆழத்துக்குள் அடங்கியவை. இரத்தம் நிறைந்த காயத்தில் வெண்மையான நரம்பும் வெண்மையான நாணும் கண்ணை ஏமாற்றக்கூடியவை. பழகிய கண்ணுக்கும் அந்த மயக்கம் நேர்ந்ததுண்டு.

ஆகையால் காயத்தைப் பார்ப்பது மட்டும் போதாது, கையைக் கேட்க வேண்டும். விரல் மடங்குகிறதா என்று பார்ப்பது பெரும்பாலும் நாணைச் சோதிப்பது. விரல்நுனியைத் தொட்டால் தெரிகிறதா, பெருவிரல் சுண்டுவிரலைத் தொட வருகிறதா, விரல்களை விரிக்க முடிகிறதா என்பவை நரம்பைச் சோதிப்பவை. மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே இவற்றைப் பார்த்தாக வேண்டும். போட்ட பின் தொடுவுணர்வைப் பற்றிக் கேட்பதில் பொருளில்லை. சொல்லத் தெரியாத குழந்தைக்கு வேறொரு வழி உண்டு. நெடுநேரம் நீரில் ஊறினால் நம் விரல்நுனிகள் சுருங்கும் அல்லவா? நரம்பு அறுந்த விரல் சுருங்காது, வியர்க்கவும் செய்யாது. காயம் ஆறிய பின் குளிப்பாட்டும்போது ஒரு விரல் மட்டும் வழவழப்பாக இருப்பதைத் தாய்மார்கள் கண்டுபிடித்துச் சொன்னதுண்டு.

நாங்கள் இத்தனை வற்புறுத்துவதற்குக் காரணம் காலம். அறுந்த நரம்பின் முனைகளைத் தலைமயிரினும் மெல்லிய இழையால் இணைத்தாலும், அது உடனே வேலை செய்யாது. வெட்டுப்பட்ட இடத்துக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்து, புதியவை முளைத்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் ஊர்ந்து செல்ல வேண்டும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை ஏறக்குறைய அரையாண்டுப் பயணம். இருசக்கர வாகன விபத்தில் தோளருகே நரம்புப் பின்னல் அறுந்தவருக்கோ, உள்ளங்கையை எட்ட இரண்டாண்டுக்கும் மேலாகும். தசை அதுவரை காத்திராது; ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நரம்பின்றி இருந்த தசை பெரும்பாலும் மீள்வதில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லா மரத்துப்போதலுக்கும் அறுவை வேண்டும் என்று அஞ்ச வேண்டா. நரம்புக் காயத்தில் மூன்று நிலைகள் உண்டென்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் செடான் 1943இல் வகுத்தார்: அதிர்ந்தது, உள்ளிழை அறுந்து உறை நின்றது, முற்றும் அறுந்தது. முதலிரண்டும் தாமே தேறக்கூடியவை. மேற்கை எலும்பு முறிந்து, ரேடியல் நரம்பு அடிபட்டு, மணிக்கட்டு தொங்கிப்போனவர்களில் பலர், தோல் கிழியாதிருந்தால், சில மாதங்களில் தாமாகவே கையை உயர்த்துகிறார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் இறுக்கமான கட்டு அழுத்திப் பாதம் தொங்கிப்போனவரும், கட்டை உடனே தளர்த்தினால் தேற வாய்ப்புண்டு. ஆனால் “தானே சரியாகும்” என்பதைச் சோதித்துப் பார்த்தவர் சொல்ல வேண்டும். எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேதியில்லாத ஆறுதலை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

காலம் கடந்து வந்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட், தொழுநோயால் அல்நார் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, நலமாக உள்ள ஒரு தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். மாற்றிய நாண் உணர்வைத் தராது, அசைவைத் தரும். அந்த அசைவோடு பலர் தொழிலுக்குத் திரும்பினார்கள். எதை நாண் என்றும் எதை நரம்பு என்றும் பிரித்தறிந்தால்தான் இந்த வழியும் திறக்கும்.

குறை எங்களிடமும் உண்டு. அவசரத்தில் நாங்களும் “நரம்புதாம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்திருக்கிறோம். இனி எங்களில் எவரேனும் அப்படிச் சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்: இரத்தக்குழாயா, தசைநாணா, நரம்பா? நரம்பென்றால் அதன் பெயர் என்ன, தைத்தாயிற்றா, டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறதா? கேட்பதை நாங்கள் அவமதிப்பாகக் கொள்ளமாட்டோம். கொள்பவர் இருந்தால் அதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டியதே.

அந்த இளைஞருக்குக் கெண்டைக்காலிலிருந்து ஒரு சிறு நரம்பை எடுத்து, விலகிப்போன முனைகளுக்கு இடையே ஒட்டுப்போட்டோம். முதல் நாளில் நேராகவே தைத்திருக்கக்கூடிய நரம்பு அது. இப்போது மாதந்தோறும் வருகிறார். மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே போகிறோம். சென்ற முறை உள்ளங்கையின் நடுப்பகுதியில் தட்டியபோது விரலில் ஏதோ சுருக்கென்றதாகச் சொன்னார்.