கேஸ் ஷீட்டில் இல்லாதவர்கள்

மூளை முடக்குவாதத்தால் தொடைகள் இறுகி, கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொள்ளும் குழந்தைக்கு டயாபர் மாற்றுவது ஒற்றை ஆளால் ஆகிற காரியமல்ல. ஒருவர் கால்களை விலக்கிப் பிடிக்க, இன்னொருவர் துடைத்து மாற்ற வேண்டும். குளிப்பாட்டுவதும் பேன்ட் போடுவதும் அப்படித்தான். பிள்ளை வளர வளர அம்மாவின் முதுகுவலியும் வளர்கிறது.

இந்த விறைப்புக்குக் குதிரைச் சவாரியையே சிகிச்சையாகத் தருவதுண்டு. அமெரிக்காவில் மெக்கிப்பன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய தசை விறைப்புள்ள 47 குழந்தைகளில் ஒரு பிரிவினரை நடக்கும் குதிரைமேலும், மற்றவர்களை அசையாத பீப்பாய்மேலும் 10 நிமிடம் உட்காரவைத்துப் பார்த்தார்கள். குதிரைமேல் இருந்தவர்களுக்குத்தான் உள்தொடைத் தசைகளின் இயக்கம் இருபுறமும் சமப்பட்டது. காரணம் நம் துறையினர் அறிந்ததே. நடக்கும் குதிரை, மேலிருப்பவரின் இடுப்பை மூன்று திசைகளிலும் அசைக்கிறது. மனித நடையிலும் இடுப்பு ஏறத்தாழ அப்படியே அசைகிறது. அருமையான ஆய்வு. ஆனால் அன்றிரவு உடை மாற்றிய கைக்குச் சிரமம் குறைந்ததா என்று அது கேட்கவில்லை.

ஆட்டிசத்தில் குடும்பம் வேறு வழியாக உள்ளே வருகிறது. கேப்ரியல்ஸ் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் 6 முதல் 16 வயதுவரை 127 பேர். 10 வாரம் குதிரையேறியவர்களிடம், உயிருள்ள குதிரையின்றிக் குதிரைகளைப் பற்றிப் படித்தவர்களைவிட, எரிச்சலும் மிகை இயக்கமும் கூடுதலாகக் குறைந்தன. இதற்கு மதிப்பெண் போட்டது யார்? பிள்ளை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று தெரிந்த வீட்டார்தான். ஆய்வின் பலவீனம் இது என்பது நியாயம். ஆனால் பிள்ளையோடு வெளியே சாப்பிடப் போக முடிகிறது, அக்கா ஒரு மணி நேரம் தடையில்லாமல் படிக்கிறாள் என்றால், மாறியது நடத்தையா பெற்றோர் பார்வையா என்பது அந்த வீட்டுக்கு இரண்டாம் கேள்வி. அதுவும் பலன்தான். அதைத் தனியாக அளக்க வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், பல குழந்தைகளுக்கு இருபுறமும் இருவர், தீனி, லாயம் என்று செலவு கூடுகிறது. பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்ற வாய்ப்பளிக்கும் ஆர்.டி.ஏ. அமைப்பு 1969 முதல் தொண்டர்களை வைத்துச் சமாளிக்கிறது. அமெரிக்காவில் பல காப்பீடுகள் கைவிரிப்பதால் வீட்டார் பையிலிருந்தே பணம் போகிறது. ஊருக்கு வெளியே லாயம் என்றால் தம்பி தங்கைகளின் விடுமுறையும் அங்கேயே கழியும்.

இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. குதிரை சுமக்கும் எடைக்கு வரம்பு உண்டு. பதின்வயதில் பிள்ளை அதைத் தாண்டினால் சவாரி நின்றுவிடும். லாயத்தில் மற்ற பெற்றோரோடு மனம்விட்டுப் பேசக் கிடைத்த இடமும் அன்றோடு போய்விடும். அந்த நாளுக்குக் குடும்பத்தை முன்கூட்டியே தயார்செய்வதும் சிகிச்சையாளரின் வேலை.

குதிரைவழிச் சிகிச்சைத் துறையிலிருந்து நமக்குக் கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரின் மன அழுத்தத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஏதேனும் ஓர் அளவுகோலால் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். உடை மாற்ற எத்தனை பேர் தேவைப்பட்டார்கள், சவாரி நின்றபின் வீட்டில் என்ன ஆனது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.