அச்சேறிய வதந்தி

2018ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவுக்கடையொன்று தாக்கப்பட்டது. உணவிற் கருத்தடை மாத்திரை கலந்தனர் என்பது குற்றச்சாட்டு. அரச பகுப்பாய்வாளர் சோதித்துக் கண்டதோ வெறும் மாக்கட்டி. அதற்குள் கைத்தொலைபேசி வழியே கதை நாடெங்கும் பரவிவிட்டது.

பழி முழுவதையும் முகநூலின்மேற் சுமத்துவோர் பலர். அந்நிறுவனமே 2020இல் வருத்தம் தெரிவித்தது மெய்தான். ஆயினும், என்னை அதனினும் உறுத்துவது மறு ஆண்டு நிகழ்ந்ததே. உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புக்கு ஒரு மாதத்தின் பின், 2019 மே 23ஆந் தேதி, மருத்துவர் ஒருவர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் கள்ளமாய்க் கருத்தடை செய்தாரெனச் சிங்கள நாளிதழொன்று முதற்பக்கத்திற் பிரசுரித்தது. மறுநாளே குருநாகல் மருத்துவர் ஒருவர் கைதானார். சான்று எதுவுமில்லையெனப் புலனாய்வினர் பின்னர் நீதிமன்றிற் கூறினர்.

இங்கே கைத்தொலைபேசி குற்றவாளியன்று, ஆசிரியபீடமே குற்றவாளி. சத்திரசிகிச்சைக் கூடத்தில் மருத்துவர் தனித்து நிற்பதுண்டோ? தாதியரும் மயக்கமருந்து கொடுப்போரும் உடனிருப்பர். அவர்களுள் இருவரை வினவியிருந்தாற் போதும்.

படத்தின் மூலத்தைத் தேடவும் காணொளியின் காலத்தை அறியவும் இன்று நிருபர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றனர். வேண்டியதே. ஆனால், 4000 என்ற எண்ணைக் கண்டதும் "எண்ணியவர் யார்?" என்று கேட்கும் உதவியாசிரியர் இல்லாத கந்தோரில் அக்கருவிகள் என்ன செய்யும்?

அம்மருத்துவர் மீண்டும் பணிக்கமர்த்தப்பட 2023 ஆயிற்று. அச்செய்தி எந்தப் பத்திரிகையில், எத்தனையாம் பக்கத்தில் வந்ததென்று வாசகசாலையிற் பார்த்துவரும்படி என் மாணவரிடம் சொல்லியிருக்கிறேன்.