டில்லி வெயிலில் ஆர்க்கிட்

சித்திரை பிறந்ததும் சங்கத்து அன்பர் பலர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆசையாய் வாங்கிய ஆர்க்கிட் ஏன் வாடுகிறது? நாள் தவறாமல் நீர் ஊற்றுகிறோமே!" ஊற்றுவதே வினை என்றால் ஒருவரும் நம்புவதில்லை. நாமும் இரண்டு செடிகளைப் பறிகொடுத்த பின்னரே தெளிந்தோம்.

வீடுகளில் வளர்க்கப்படும் ஆர்க்கிட்டுகளுள் பெரும்பாலானவை காட்டு மரக்கிளைகளைப் பற்றி வாழும் இனத்தவை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவன அல்ல. அவற்றின் வேரைப் போர்த்தியிருக்கும் பஞ்சு போன்ற வெள்ளுறை மழைநீரை விரைந்து பருகிவிட்டு, உடனே காற்றை நாடும். எனவே செடி வேண்டுவது ஈரக் காற்று. சேற்று மண் அன்று. டில்லியிலோ மே மாதப் பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 20க்கும் கீழே இறங்குவதுண்டு. ஃபெலனாப்சிஸ் முதலியவற்றுக்கு 50க்குக் குறையாதிருத்தல் நலம். இக்குறையைச் சொம்பு நீரால் நிரப்ப முயன்றால் வேர் அழுகும், அழுகிய வேர் நீர் பருகாது, இலை துவளும், துவண்டது கண்டு மேலும் ஊற்றுவோம்!

இலைமேல் நீர் தெளிப்பதன் பயன் சில நிமிடங்களே. கூழாங்கல் தட்டில் நீர் நிரப்பி அதன்மேல் தொட்டியை வைப்பதும் சிறிதளவே உதவும். நம் அனுபவத்தில் சிறந்த துணை, வீட்டிலுள்ள கூலர்தான். அதன் காற்று நேரே தாக்காத மூலையில், சன்னல் வெளிச்சத்தில் செடிகளை நெருக்கி வையுங்கள். கூலர் இல்லாதவர் பழைய மீன் தொட்டியின் அடியில் ஈரக் கற்களைப் பரப்பி, செடியைச் சிறு மேடைமேல் நிறுத்தி, வாயைப் பாதி மூடிவைக்கலாம். ஆனால் வெயில் நேரே படலாகாது. கண்ணாடிக்குள் செடி வெந்துவிடும்.

கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் இட்ட தொட்டியே ஏற்றது. வேர் வெள்ளி நிறமானால் காலையில் நீர் விடுக; பச்சையாயிருந்தால் வேண்டா. குடிநீர்க் கருவி கழித்துவிடும் நீரைச் செடிக்கு ஊற்றுவது இல்லத்தரசிகளின் சிக்கனம், பாராட்டுகிறோம். எனினும் அதில் உப்பு செறிந்திருப்பதால் ஆர்க்கிட்டுக்கு ஆகாது. மழைநீர் உத்தமம்.

மழைக்காலம் வந்ததும் மின்விசிறி போதும். தை மாதக் குளிரில் ஹீட்டரின் அருகே வைத்துவிடாதீர்கள். அது காற்றை மேலும் வறளச் செய்யும். இரவில் குருத்தில் நீர் தேங்கவும் விடாதீர்கள். நாம் இழந்த செடிகளுள் ஒன்று அவ்வாறுதான் போயிற்று.

வாடிய செடியை எறிந்துவிட வேண்டா. தொட்டியிலிருந்து எடுத்து, குழைந்த வேர்களை நறுக்கி, உறுதியானவற்றை மட்டும் புதுக் கரியில் ஊன்றி, மேற்சொன்ன கண்ணாடித் தொட்டியில் வையுங்கள். அவ்வாறு வைத்த ஒன்று நம் வீட்டில் இருக்கிறது. இன்னும் பூக்கவில்லை, ஆவணியில் பச்சை நுனியோடு ஒரு வேர் விட்டது.