"எங்க சேவ் பண்ணினீங்க மகள்?"

கலகெதர டவுனில் ஒரு கொமினிகேஷன். எங்களில் ஒருத்தியிடம் கடைக்கார நானா கேட்ட கேள்விதான் தலைப்பு. எசைன்மன்ட் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். பிரிண்ட் எடுத்துக்கொண்டு கண்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஈமெயிலைத் திறந்தாள், இணைப்பை அமுக்கினாள், மூலையில் ஏதோ சுற்றி நின்றது. எங்கே வைக்கட்டும் என்று மெஷின் கேட்கவே இல்லை. போன வாரம் அதே கடையில் எடுத்த வரைவு அதே பெயரில் அங்கே கிடந்தது. புதியதற்கு மெஷின் தானாகவே (1) என்று ஒட்டி வைத்திருந்தது. அவசரத்தில் பிரிண்ட் ஆனது வரைவு. கம்பஸுக்குப் போனதும் அதுதான்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு போல்டர் என்றால் என்னவென்றே தெரியாது" என்று உடனே சொல்வார்கள். 2021இல் 'த வேர்ஜ்' என்ற அமெரிக்கத் தளம்கூட இதைப் பெரிய கட்டுரையாகப் போட்டது. அங்கத்தைய பேராசிரியர்களுக்கும் இதே புலம்பல்தான். சரி, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். தெரியாமல் ஆக்கினது யார்?

குரோமில் 'ஒவ்வொரு முறையும் எங்கே சேமிப்பது என்று கேள்' என்றொரு தெரிவு இருக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் அது மூடித்தான் இருக்கும். செட்டிங்ஸுக்குள் போய்த் தேடித் திறக்க வேண்டும். போனில் ஜிமெயிலைத் திறந்தால் இணைப்பில் இரண்டு குறிகள்: ஒன்று போனுக்குள் இறக்கும், மற்றது ட்ரைவுக்கு அனுப்பும். அவசரத்தில் எது எதுவென்று யார் பார்க்கிறார்? ஐபோன் 2007இல் வந்தது. கோப்புகளைப் பார்க்க 'ஃபைல்ஸ்' என்ற செயலி வந்தது 2017இல். பத்து வருடம் கோப்பு என்ற ஒன்றே இல்லாத மாதிரி பழக்கிவிட்டு, இப்ப எங்களிடம் பரீட்சை வைக்கிறார்கள்.

விண்டோஸ் இன்னும் மோசம். வன்ட்ரைவ் பேக்கப் ஓன் ஆகியிருந்தால் உங்கள் 'டொக்கியுமன்ட்ஸ்' வன்ட்ரைவுக்குள் போய்விடும். ஒரே மெஷினில் ஒரே பெயரில் இரண்டு போல்டர் இருக்கலாம். இலவசமாகத் தருவது 5 ஜிபி, நிரம்பினால் காசு. இதை எளிமை என்கிறார்கள். எங்களுக்கு இது வியாபாரமாகத்தான் தெரிகிறது.

கச்சேரியில் பைல் தொலைவதைப் பற்றி எத்தனை பகிடி விட்டிருப்போம்! ஆனாலும் அந்த பைலுக்கு ஓர் இலக்கம் இருக்கும், எந்த மேசைக்குப் போனது என்று கேட்கவாவது ஓர் ஆள் இருப்பார்.

பிழையான வரைவு போனால் மார்க்ஸ்தான் குறையும். அன்று எங்களைப் பயப்படுத்தினது வேறு. கோப்பைத் தேடி அந்தக் கடை மெஷினின் 'டவுன்லோட்ஸ்' போல்டரைத் திறந்தபோது ஊரே உள்ளே இருந்தது: அடையாள அட்டையின் இரு பக்கங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கி ஸ்லிப்புகள், ஒரு பெண்பிள்ளையின் மருத்துவ அறிக்கை. யாரும் அவற்றை வேண்டுமென்று அங்கே வைக்கவில்லை. பிரிண்ட் எடுக்க இணைப்பை அமுக்கினார்கள், அது இறங்கியது, அவர்கள் போய்விட்டார்கள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கடைக்காரரின் கழுத்தைப் பிடிப்பது எங்கள் நோக்கமில்லை. கேட்காமல் இறக்கிவைக்கும் பழக்கத்தை அவர் உண்டாக்கவில்லை. கோடிக்கணக்கான மெஷின்களுக்கு அப்படி முடிவு செய்த கம்பனிகளுக்கு 'எங்கே வைக்கட்டும், எப்ப அழிக்கட்டும்' என்று கேட்க வைப்பது பெரிய வேலையா? போன் இருந்தும் லெப்டொப் இல்லாமல் கொமினிகேஷனையே நம்பியிருக்கும் ஆட்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லை, அதுதான் விஷயம்.

நானாவிடம் கேட்டு அந்தக் குரோம் தெரிவைத் திறந்துவிட்டோம். பழையதை எல்லாம் அழிக்கட்டுமா என்றும் கேட்டோம்.

"வேணாம், ஆராவது திரும்பி வந்து கேட்டா நான் என்ன சொல்ற?" என்றார்.